வெறும் வயிற்றுக் கணக்கு

வால்பராய்சோவில் இன்னும் விடியவில்லை.
ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துவிட்டு
ஷூ கயிற்றைக் கட்டக் குனிகிறான் ஒனோஃப்ரே.
வயிறு முதலில் குனிகிறது,
அப்புறம்தான் அவன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
நாற்பதடிக் கொள்கலனைக் கப்பலுக்குள்
முட்டையை வைப்பதுபோல் வைப்பான்.
அது எத்தனை டன் என்று கேபினில் ஒரு திரை சொல்லும்.
அவன் எத்தனை என்பதை
போன மார்ச்சில் கம்பெனி டாக்டர் சொன்னார்:
நூற்றுப் பதினொன்று.
கிரேன் ஏணிக்கு அது பிடிக்காது என்றார்.

வெறும் வயிற்றில் ஏறு என்றவன் லிசாந்த்ரோ,
மூன்றாம் எண் கிரேன்.
"அடுப்பில் விறகு இல்லையென்றால்
நெருப்பு வீட்டுச் சாமானை எரிக்கும்.
உனக்குள் இருபது வருஷச் சாமான் கிடக்கிறது."
கேட்க நன்றாயிருந்தது.
நன்றாயிருந்ததாலேயே நம்பினான்.

குன்றுக்கு நூற்று அறுபத்தெட்டுப் படி.
மூன்று தடவை.
முப்பதாவது படியில் பசி தெரியாது.
எழுபதில் ரொட்டிக்கடையின் புகைபோக்கி
அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்.
நூற்று நாற்பதில் காது அடைக்கும்,
கீழே விரிகுடாவின் விளக்குகள்
ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்.
கம்பியை இறுக்கிப் பிடித்தபடி
எரிகிறது, எரிகிறது என்பான்,
இருபது வருஷமும் புகையாகிக்
காது வழியே போவதுபோல.

கூடவே ஏறும் ஒரு பழுப்பு நாய்.
விலாவை எண்ணிவிடலாம்.
அதற்கும் வெறும் வயிறுதான்.
இதற்கு உடற்பயிற்சி என்று பெயர் என
அதனிடம் யாரும் சொல்லவில்லை.

நெலிதா ஏழு மணிக்கு எழுவாள்.
ரொட்டியைப் பிளந்து
உப்பிட்டு மசித்த அவகாடோவை
ஓரம்வரை தடவுவாள்.
தேநீரில் சர்க்கரை இரண்டு கரண்டி.
அரைமணி நேரம் ரேடியோச் செய்தியோடு சண்டை.
பிறகு அதே படிகள், அதே மூன்று தடவை.
மேலே நின்று
யார் வீட்டுக் கொடியில் புதுப் போர்வை என்று பார்க்கவும்
அவளுக்கு மூச்சு மிச்சமிருக்கும்.

"தின்றுவிட்டு ஏறினால்
தின்றதுதான் எரியும்,
உன் சதையைத் தொடாது" என்றான் ஒருநாள்.
"எரியட்டுமே,
அதற்குத்தானே போட்டேன்" என்றாள்.

பத்து வாரம்.
மருந்துக்கடை எடை இயந்திரத்துக்கு ஆளுக்கொரு நூறு பெசோ.
அவனுக்கு மூன்று கிலோ எண்ணூறு குறைந்திருந்தது.
அவளுக்கு மூன்று எழுநூறு.

இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தான்.
இன்னொரு காசு போட்டான்.
அதே எண்.
கண் இருண்ட அத்தனை விடியலுக்கும்
நூறு கிராம்.
ஒரு தக்காளி.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.
வீடு திரும்பும் வழியில்
அவனாகவே நினைத்துக்கொண்டான்,
எட்டரை மணிக் கேண்டீனை:
காலையின் தியாகத்துக்குக் கூலியாக
ஒன்றுக்கு மூன்றாய் ரொட்டி,
அதன்மேல் ஒரு எம்பனாதா,
சாயங்காலம் சோபாவில் அடித்துப்போட்ட தூக்கம்.
படியில் எரிந்தது எரிந்ததுதான்.
பொய் இல்லை.
ஆனால் உடம்பு
விடியலோடு கணக்கை மூடுகிற கடை அல்ல,
ராத்திரி விளக்கணைக்கும்வரை
வரவை எழுதிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் விடியல்.
சட்டைப் பையில் ஒரு ரொட்டி.
பாதியைத் தின்றான், திருடனைப்போல, நின்றபடி.
மறுபாதியை நாய்க்குப் போட்டான்.

நூற்று நாற்பதில் நின்று பார்த்தான்.
விரிகுடாவில் ஒவ்வொரு விளக்கும்
ஒரே விளக்காக இருந்தது.
லிசாந்த்ரோவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தான்.
சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

நாய் கூட வரவில்லை.
முதல் படியில் சுருண்டு படுத்திருந்தது,
மூக்கு வாலுக்குள்.
மூன்று தடவையும்
அதைத் தாண்டித்தான் அவன்
காலை வைக்க வேண்டியிருந்தது.